ஊட்டிவிடுவதை நாளைக்கே நிறுத்துங்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பலம் திரும்பிவிட்டது, தொடு உணர்ச்சிதான் வரவில்லை என்கிறார் பிசியோதெரபிஸ்ட். ஆனால் டிவி பார்த்துக்கொண்டே காபி குடித்தால் டம்ளரைக் கீழே போட்டுவிடுகிறார். பேப்பர் கப்பை நசுக்கிவிடுகிறார். மூன்று வேளையும் நானே பிசைந்து ஊட்டிவிடுகிறேன். பலம் இருந்தும் ஏன் இப்படி? கவனக்குறைவா?
- வாசகி, திருச்சி

பதில்: அப்பாவிடம் குறை தேடாதீர்கள். டம்ளர் நழுவத் தொடங்கினால் முதலில் அறிவது விரல் தோல். நமக்கு உறைக்கும் முன்பே, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள், பிடி தானாக இறுகிவிடும். அவருக்கு அந்தச் செய்தி மூளையில் பதிவாவதில்லை. கண் ஒன்றுதான் துணை. கண் டிவிக்குப் போனால் டம்ளர் தரைக்குப் போகும். எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாததால் மூளை தேவைக்கு மேல் இறுக்குகிறது, கப் நசுங்குகிறது.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மூன்று வேளையும் ஊட்டுவதாக? கையைக் கெடுப்பது அதுதான். 1895இல் இங்கிலாந்தில் மாட், ஷெரிங்டன் என்ற இரு விஞ்ஞானிகள் குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு வேர்களை மட்டும் வெட்டினார்கள். தசையை இயக்கும் நரம்புகளைத் தொடவில்லை. ஆனாலும் குரங்கு அந்தக் கையால் எதையும் எடுக்கவில்லை. பிற்பாடு அமெரிக்காவில் எட்வர்ட் டௌப் என்ற உளவியலாளர் அப்படிப்பட்ட குரங்கின் நல்ல கையைக் கட்டிப்போட்டார். மரத்த கை வேலைக்கு வந்தது! ஆரம்பத்தில் அந்தக் கையை நீட்டித் தோற்றுத் தோற்று, இன்னொரு கையால் சமாளிக்கப் பழகியதால்தான் குரங்கு மரத்த கையை மறந்திருந்தது. உங்கள் வீட்டில் அந்த இன்னொரு கை நீங்கள். பயன்படாத கைக்கு மூளையில் உள்ள இடமும் சுருங்கும்.

பெற்றவருக்குச் செய்யும் கடமை அவர் வாயில் சோறு வைப்பதோடு முடிந்துவிடாது. அவர் கை அவர் வாய்க்குப் போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பொறுப்பதுதான் கடமை. சிந்தட்டும், வேட்டி நனையட்டும், முக்கால் மணி நேரம் ஆகட்டும். வீட்டில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

சாப்பிடும்போது டிவி வேண்டாம், பேச்சுக் கொடுக்க வேண்டாம். நல்ல வெளிச்சத்தில், கையைப் பார்த்தபடி சாப்பிடட்டும். முதலில் இட்லித் துண்டு. அது கைவந்த பிறகு தயிர்சாதம். டம்ளரில் இரண்டு ரப்பர் பேண்ட் சுற்றி, ஆறிய தண்ணீர் பாதி ஊற்றிக் கொடுங்கள்.

காலையும் மாலையும் கால் மணி நேரம் இன்னொரு பயிற்சி. தாம்பாளத்தில் அரிசி பரப்பி சாவி, நாணயம், புளியங்கொட்டை புதைத்து வையுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் இடது கையால், பிறகு வலது கையால், பார்த்துக்கொண்டே தடவட்டும். அடுத்து கண்ணை மூடித் தேடி எடுத்து, என்னவென்று சொல்லிவிட்டுத் திறந்து பார்க்கட்டும். தப்பாகச் சொன்னால் பார்த்தபடி மறுபடி தடவ வேண்டும். அவசரப்பட்டு நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள்.

தொடு உணர்ச்சி முழுதாகத் திரும்புமா என்றால், பலருக்குத் திரும்புவதில்லை. கண்ணும் பழக்கமும்தான் ஈடுகட்ட வேண்டும். இடது கைக்கு உறை மாட்டிக் கட்டுப்படுத்தும் சிகிச்சையும் உண்டு; பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் நீங்களாகக் கட்டாதீர்கள். நடக்கும்போது தடுமாறினால் ஊன்றிப் பிடிக்க அந்தக் கைதான் இருக்கிறது. ரசம், காபியின் சூட்டை இடது கையால் பார்த்த பிறகே வலது கை தொடட்டும். சுட்டாலும் அவருக்குத் தெரியாது. தினமும் இரவில் அந்த விரல்களைப் புரட்டிப் பாருங்கள்.