அடிக்கடி வயிறு கெடும் நாய்க்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளும்?

எட்டு மாத நாய், வாரம் ஒரு முறையாவது பேதி ஆகிறது, எந்தக் கம்பெனி உணவு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று நான்கு பாக்கெட் மாற்றிப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் ஒன்றைச் சொல்லியிருப்பார், மாடி வீட்டுக்காரர் வேறொன்றைச் சொல்லியிருப்பார். நானும் ஒரே மாதத்தில் மூன்று பாக்கெட் மாற்றியவன். கம்பெனி பெயர் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. என் நாய்க்கு ஒத்துக்கொண்டதை உங்கள் நாய்க்கும் வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

திருப்பரங்குன்றம் பக்கம் சின்னதாக ஒரு ஹோட்டல் வைத்திருக்கிறேன். காலையில் இட்லி, பொங்கல், சாயங்காலம் பரோட்டா, கறி தோசை. கடைக்குப் பின்னால்தான் வீடு. பதினாறு வருடமாக ஊராருக்குச் சமைத்துப் போடுகிறேன், வயிறு சரியில்லை என்று ஒருவர் வந்து நின்றதில்லை. அப்படிப்பட்டவன், வீட்டில் இருக்கிற ஒரு உயிருக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் ஐந்து மாதம் தவித்தேன். இதை எழுதும்போதும் அந்த வலி இருக்கிறது.

எங்கள் நாயின் பெயர் செவலை. பெண், சிப்பிப்பாறை என்கிற நாட்டு நாய் வகை. பேரையூர்ப் பக்கம் என் மனைவியின் சித்தப்பா வீட்டிலிருந்து நாற்பத்தைந்து நாள் குட்டியாகக் கொண்டுவந்தோம். ஒன்றரை வயதில்தான் ஆரம்பித்தது. இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் தண்ணியாகப் போகும். சில நாள் சளி போல வரும், ஓரிரு முறை ரத்தச் சொட்டும் பார்த்தேன். சொந்தக்காரர்களைக் கேட்டால், "சிப்பிப்பாறை ஒல்லியாத்தான் இருக்கும், நாட்டு நாய்க்கு எதுக்கு டாக்டரு, அது கல்லைத் தின்னாலும் செரிச்சிரும்" என்றார்கள். அந்த வகை நாய்க்கு விலா எலும்பு லேசாகத் தெரிவது இயல்புதான். அதனாலேயே இளைப்பது எங்கள் கண்ணுக்குப் படவில்லை. ஒருநாள் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றேன். பிறகு நான் மட்டும் ஏறிக் கழித்துப் பார்த்தேன். பத்தொன்பது கிலோ இருந்தது பதினைந்தரைக்கு வந்திருந்தது. நீங்களும் இன்றைக்கே நிறுத்துக் குறித்து வையுங்கள்.

முதலில் பார்த்த டாக்டர், போகும்போதெல்லாம் ஒரு ஊசி போட்டு நாலு மாத்திரை கொடுத்தார். நாலு நாள் கேட்கும், ஐந்தாம் நாள் பழையபடி ஆகிவிடும். மூன்று முறை போனோம். ஒரு முறைகூட மலத்தைச் சோதிக்கச் சொல்லவில்லை. எல்லா டாக்டர்களையும் நான் குறை சொல்லவில்லை. செவலையைக் காப்பாற்றியதும் ஒரு டாக்டரம்மாதான். போன உடனே அவர் கேட்டது உணவைப் பற்றி இல்லை. "மூணு சாம்பிள் கொண்டு வாங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கணும், எடுத்த ரெண்டு மூணு மணி நேரத்துல என் கைக்கு வரணும்" என்றார். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி எல்லா நாளும் மலத்தில் வெளிப்படாதாம், ஒரே சாம்பிளில் தப்பிவிடுமாம். எங்களுக்கு இரண்டாவது சாம்பிளில் அது இருந்தது, கொக்கிப்புழு முட்டையும் இருந்தது. குட்டியில் மாதாமாதம் பூச்சி மருந்து கொடுத்துவிட்டு, வளர்ந்த பிறகு நான் விட்டுவிட்டேன். அது என் தப்பு. மருந்து கொடுத்தோம், தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கழுவினோம், மலத்தை உடனுக்குடன் அள்ளினோம், மருந்து முடிகிற அன்று நன்றாகக் குளிப்பாட்டினோம். பாதி சரியானது. ரத்தம் வருவது நின்றது. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் இளகிப் போவது மட்டும் நிற்கவில்லை.

அப்போது டாக்டரம்மா சொன்னதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. "என்ன கொடுக்கிறதுன்னு அப்புறம் பார்ப்போம். இப்ப அது வாய்க்குள்ள என்னென்ன போகுதுன்னு ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க." கடையில் பழைய பற்று நோட்டு ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. அதில் கோடு போட்டு, காலை என்ன, மத்தியானம் என்ன, மலம் எப்படி என்று எழுத ஆரம்பித்தேன். பத்து நாள் எழுதியும் ஒன்றும் பிடிபடவில்லை. நான் கொடுத்தது அதே சோறு, அதே பாக்கெட் உணவு. ஆனால் புதன்கிழமை கெடுகிறது, சனிக்கிழமை கெடுகிறது.

ஒருநாள் ராத்திரி கடை அடைத்துவிட்டு மனைவிக்கு நோட்டைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா மெதுவாகச் சொன்னார், "நான்தான்யா சாயங்காலம் ஒரு டம்ளர் பாலும் ரஸ்க்கும் வைக்கிறேன். அது என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு, எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது." எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எழுபத்திரண்டு வயது, பகல் முழுவதும் அவருக்குத் துணை அந்த நாய்தான். அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மறுநாள் கடையில் விசாரித்தால், இலை எடுக்கும் அண்ணனும் பின்வாசலில் சால்னாவில் ஊறிய பரோட்டாவும் கோழி எலும்பும் போட்டிருக்கிறார். அவரும் பாசத்தில் செய்ததுதான்.

நாய் வளர்ந்த பிறகு பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பெரும்பாலும் குறைந்துவிடும். எல்லா நாய்க்கும் அப்படி இல்லை, "எங்க வீட்டு நாய் பத்து வருஷமா பால் குடிக்குது" என்று யாராவது எழுதுவீர்கள், சரி, அதற்கு ஒத்துக்கொள்கிறது. சால்னா விஷயம் வேறு. அதில் வெங்காயமும் பூண்டும் கரைந்து கிடக்கிறது. பச்சையோ வெந்ததோ, வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கலாம். சமையல்காரனாக இருந்தும் இதெல்லாம் எனக்கு அன்றுவரை தெரியாது.

நாய் பின்வாசலில் நின்றது என்று எழுதியதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சொல்லாமல் விட முடியவில்லை. அந்த மாதம்தான் ஒருவர் எங்கள் கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, 'சமையல்கட்டில் நாய் திரிகிறது' என்று படத்தோடு எழுதினார். படத்தில் இருப்பது வீட்டு வாசல். வீட்டுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, கதவுக்கு எப்போதும் தாழ்ப்பாள். செவலை அதைத் தாண்டியதே இல்லை. சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று கல்லாவில் சொன்னவர்தான் அப்படி எழுதினார். என்னிடம் கேட்டிருந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பேன். பதினாறு வருட உழைப்பு அது.

சரி, உணவுக்கு வருகிறேன். பாலையும் எச்சில் இலையையும் நிறுத்தியதும் நன்றாகவே குறைந்தது. மிச்சத்துக்கு டாக்டரம்மா ஒரு சோதனை சொன்னார்: இதுவரை அது அதிகம் தின்னாத ஒரே ஒரு மாமிசம், ஒரே ஒரு தானியம், வேறு எதுவும் வாயில் படக்கூடாது. எங்கள் கடைப் பின்வாசலில் கோழியும் ஆடும் அதன் வாய்க்குப் போயிருக்கிறது. மீன் மட்டும் கடையில் கிடையாது. அதனால் மீன். கட்லாவாகப் பார்த்து வாங்கினேன், பெரிய மீனில் முள் எடுப்பது சுலபம். உப்பு, காரம், எண்ணெய் எதுவும் இல்லாமல் அவித்து, குழைந்த சோற்றோடு பிசைந்து, இரண்டு ஸ்பூன் வெந்த பரங்கிக்காய். வயிறு சரியாகும்வரை ஒரே வேளையாக நிறையப் போடாமல் நாலு வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம்.

முள் எடுக்கும் வேலையை அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைக்கு எடுப்பதுபோல விரலால் தடவித் தடவி எடுப்பார். நான் மறுபடி பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. இப்போது சாயங்கால வேளை முழுக்க அம்மாவின் கையால்தான். பால் டம்ளர் பக்கமே அவர் போகவில்லை.

மூன்று வாரத்தில் மலம் கெட்டிப்பட்டது. அதன் பிறகு டாக்டரம்மா சொல்லி, கோழியை மட்டும் இரண்டு நாள் சேர்த்துப் பார்த்தோம். இரண்டாம் நாளே இளகியது. நிறுத்தியதும் சரியானது. அப்போதுதான் கோழி இதற்கு ஆகாது என்று உறுதியானது. கோழி நாய்களுக்குக் கெடுதல் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். கடையில் கிடைக்கும் பாக்கெட் உணவில் பெரும்பாலும் கோழிதான் பிரதானம். மூன்று கம்பெனி மாற்றியும் எனக்கு ஏன் பலன் இல்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மேல் அட்டையில் வேறு மாமிசத்தின் படம் போட்டிருந்தாலும் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சோறும் மீனும் மட்டும் மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச்சத்து முதல் பல சத்துகள் குறையும், அதிலும் எட்டு மாதம் வளர்கிற வயது. அதனால் டாக்டர் சொல்லும் சத்து மருந்தையும் சேர்க்க வேண்டும். நாங்கள் பிறகு மீன் கலந்த பாக்கெட் உணவு ஒன்றைக் காலைக்கு வைத்துக்கொண்டோம். அதைப் பத்து நாளில் மாற்றினோம்: முதல் மூன்று நாள் புதியது கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, அப்புறம் முக்கால், கடைசியில் முழுசாக. நான் முன்பு செய்ததுபோல ஒரே நாளில் மாற்றினால் நல்ல உணவுக்கும் வயிறு கெடும். பிறகு எந்த உணவு நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

செவலை இப்போது பதினெட்டே முக்கால் கிலோ.

உங்கள் நாய்க்குத் தடுப்பூசி விட்டுப்போயிருந்து, வாந்தியும் ரத்தப் பேதியும் சேர்ந்து வந்தால் இதில் எதையும் முயற்சி செய்துகொண்டிருக்காதீர்கள், அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஈறு வெளுத்தாலும், தண்ணீர்கூடக் குடிக்காவிட்டாலும், வயிறு உப்பிக்கொண்டாலும் அப்படித்தான். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை, முக்கியமாக ஐபுப்ரோஃபெனை, கொடுத்துவிடாதீர்கள். இந்த அறிகுறி எதுவும் இல்லாமல் எப்போதும்போல இளகிப் போவது மட்டும்தான் என்றால், இன்று ராத்திரி வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, யார் என்ன போடுகிறார்கள் என்று கோபப்படாமல் கேளுங்கள். காலையில் முதல் சாம்பிளை மூடி இறுகிய டப்பாவில் எடுத்து, எடுத்த நேரத்தை மேலே எழுதி ஒட்டிக்கொண்டு போங்கள்.