32 இன்ச் டிவியா, மானிட்டரா? ரெண்டும் ஒரே பேனல்தானே?

"ரூமில் படமும் கிரிக்கெட்டும் பார்க்க 32 இன்ச் டிவி வாங்குவதா, அதே காசுக்கு மானிட்டர் வாங்கி ஃபயர் ஸ்டிக் (இணையப் படங்களைத் திரையில் ஓட்டும் சின்னக் கருவி) செருகிக்கொள்வதா? உள்ளே இருப்பது ஒரே பேனல்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். யூடியூபில் யாரோ பின்பக்க மூடியைக் கழற்றிக் காட்டியதில் இருந்து ஊரே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பேனல், அதாவது படம் தெரியும் அந்தத் திரைப் பலகை, ஒரே தொழிற்சாலையில் இருந்து வந்திருக்கலாம். ஆனால் உள்ளே வரும் சிக்னலைப் படமாக மாற்றிக் கொடுக்கும் போர்டு வேறு. நீங்கள் காசு கொடுப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

வாடகை அறை, தனி ஆள், லேப்டாப் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். பிராண்டு பார்ப்பதற்கு முன்னால் ஒரு டேப் எடுத்து, தலையணைக்கும் திரை நிற்கப் போகும் இடத்துக்கும் எத்தனை அடி என்று அளந்துவிடுங்கள். சினிமா மாதிரி பார்வையை நிறைக்க, திரையின் மூலைவிட்ட அளவைப் போல 1.6 மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 24 இன்ச் என்றால் 3 அடிக்குக் கொஞ்சம் மேல், 32 என்றால் நாலேகால் அடி, 43 என்றால் ஐந்தே முக்கால், 55 என்றால் ஏழேகால் அடி சுமாருக்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. 32 இன்ச் 'எச்டி ரெடி' டிவியில் 1366 x 768 புள்ளிகள். ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். 24 இன்ச் ஃபுல் எச்டி (1920 x 1080 புள்ளிகள்) மானிட்டரில் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நல்ல பார்வை உள்ளவருக்கே 6 அடிக்கு அப்பால் அந்த டிவியின் புள்ளி பிரிந்து தெரியாது; மானிட்டரில் 3 அடி தாண்டினாலே தெரியாது. ஆகவே 7 அடி தள்ளிப் படுத்துக்கொண்டு 24 இன்ச் மானிட்டர் பார்ப்பவருக்கு அதன் கூர்மையால் ஒரு லாபமும் இல்லை, படம் சின்னதாகத் தெரிவதுதான் மிச்சம். இதே கணக்கில் 8 அடியில் இருந்து 43 இன்ச் பார்த்தால் ஃபுல் எச்டிக்கும், அதைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே-வுக்கும் கூர்மையில் வித்தியாசம் தெரியாது. 4கே அன்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நிறமும் எச்டிஆரும் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி) தனி விஷயம், நான் புள்ளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். 4 அடிக்குள், ஒரே ஆள், லேப்டாப் வேலையும் உண்டு என்றால் 27 இன்ச் மானிட்டர். 5 அடிக்கு மேல், அல்லது இரண்டு பேருக்கு மேல் பார்ப்பார்கள் என்றால் டிவி. கேபிளோ டிடிஎச்சோ இருந்தால் தூரம் எதுவானாலும் டிவிதான்.

கேபிளுக்கு ஏன் இவ்வளவு கறார் என்றால், நம் நாட்டு ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ். எச்டி சேனல்கள் 1080ஐ, அதாவது ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வரும். இவற்றைச் சேர்த்து முழுப் படமாக்குவது டிவி போர்டின் அன்றாட வேலை. மானிட்டரோ கம்ப்யூட்டரில் இருந்து வரும் 60 ஹெர்ட்ஸ் முழுப் படத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. செட்டாப் பாக்ஸைச் செருகினால் சில மானிட்டர்கள் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று கறுத்துவிடும். சிலவற்றில் படம் வரும், ஆனால் பந்து ஓடும்போது விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாகப் பிரியும். செய்தி சேனலில் கீழே ஓடும் பட்டையைப் பாருங்கள், ஒரே சீராக நகராமல் நொடிக்குப் பலமுறை விக்கும். 50-ஐ 60-க்குள் திணிப்பதன் விளைவு அது.

இதில் ஓரளவு சமாளிக்க வழி உண்டு. பாக்ஸின் செட்டிங்கில் வீடியோ அவுட்புட்டை 1080ஐ-யில் இருந்து, வரிகளைப் பிரிக்காமல் முழுப் படமாக அனுப்பும் 720பி அல்லது 1080பி-க்கு மாற்றுங்கள். மானிட்டர் கறுத்துக் கிடக்கும்போது மெனுவே தெரியாது என்பதால், முதலில் யாராவது ஒருவர் வீட்டு டிவியில் செருகி மாற்றிக்கொண்டு வர வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மட்டும் உள்ள பழைய எஸ்டி பாக்ஸ் என்றால் மானிட்டரில் நேரடியாகச் செருகவே இடம் இருக்காது. ஏவி-டு-எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் போட்டால் படம் வரும், முகமெல்லாம் மெழுகு பூசியது போல இருக்கும்.

ஸ்டிக் மட்டும் போதும் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதிலும் நாலைந்து இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்டிக்குக்கு 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் வேண்டும். மானிட்டரின் யூஎஸ்பி துளை பெரும்பாலும் அதில் பாதிதான் தரும், படம் நடுவில் நின்று ஸ்டிக் மறுபடி ஸ்டார்ட் ஆகும். கூட வரும் அடாப்டரையே சுவரில் செருகுங்கள். 4கே ஓடிடி படங்களுக்கு மானிட்டரில் எச்டிசிபி 2.2 (திருட்டு நகலைத் தடுக்கும் பூட்டு) இருக்க வேண்டும்; பழைய மானிட்டரில் எச்டிஎம்ஐ-யை டிவிஐ-யாக (பழைய வகை வீடியோ இணைப்பு) மாற்றிச் செருகினால் எச்டிசிபி இல்லாமல் திரை கறுத்தே இருக்கலாம். ஸ்டிக் ரிமோட்டின் வால்யூம் பட்டன் அநேக மானிட்டர்களில் வேலை செய்யாது. சத்தம் கூட்ட எழுந்து போய் மானிட்டருக்கு அடியில் தடவ வேண்டும்.

சத்தம் என்றதும், வாங்கும் முன் மானிட்டரின் பின்பக்கம் 3.5 மிமீ ஆடியோ துளை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்பீக்கரும் இல்லாமல் இந்தத் துளையும் இல்லாமல் நிறைய மாடல்கள் வருகின்றன. ஸ்பீக்கர் இருந்தாலும் 2 வாட் ஜோடிதான் வழக்கம், மின்விசிறி ஓடினால் வசனம் கேட்காது. சாதாரண டிவியிலேயே மொத்தம் 20 வாட் வருகிறது. புளூடூத் ஸ்பீக்கர் போட்டுக்கொள்ளலாம், உதட்டசைவுக்குப் பின்னால் சத்தம் வந்தால் ஸ்டிக்கின் ஏவி சிங்க் செட்டிங்கில் சரிசெய்ய வேண்டியிருக்கும். நேரலை கிரிக்கெட் ஓடிடியில் கேபிளைவிடப் பிந்தித்தான் வரும். பக்கத்து வீட்டில் கத்திய பிறகுதான் உங்களுக்கு விக்கெட் விழும். இதை டிவியாலும் மாற்ற முடியாது.

இருட்டில் படம் பார்ப்பவராக இருந்தால் பேனல் வகையைக் கேளுங்கள். ஐபிஎஸ், விஏ என்ற இரண்டு வகை அதிகம் கிடைக்கும். ஐபிஎஸ் மானிட்டரில் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) சுமார் 1000:1, கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ பேனலில் 3000:1-க்கு மேல் போகும், ஆனால் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறும். 'டிஸ்ப்ளே எச்டிஆர் 400' ஸ்டிக்கரை நம்பிக் காசு கூடக் கொடுக்காதீர்கள். பகுதி பகுதியாக வெளிச்சம் குறைக்கும் வசதி அந்தத் தரத்துக்குக் கட்டாயமே இல்லை.

டிவி வாங்கி லேப்டாப்பையும் செருகப் போகிறீர்கள் என்றால் எழுத்து மங்கலாக இருக்கிறது என்று திட்டுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். மெனுவில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை அல்லது ஐகானை 'பிசி' என்று மாற்றுங்கள். சாம்சங், எல்ஜி இரண்டிலும் இது வெறும் பெயர் மாற்றம் இல்லை, நிறத்தகவலைக் குறைக்காமல் காட்டும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்துப் பாருங்கள், முன்பு விளிம்பு கரைந்து தெரிந்தது இப்போது கூராக நிற்கும். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஃபிட் டு ஸ்க்ரீன்'. 4கே டிவியில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தால், லேப்டாப்பில் பழைய எச்டிஎம்ஐ 1.4 இருக்கலாம். அது 4கே-வை 30 ஹெர்ட்ஸில்தான் தரும், 1080பி-க்கு இறக்கிவிடுங்கள். கேம் ஆடும்போது டிவி மெனுவில் கேம் மோடு போடாவிட்டால், பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையிலான தாமதம் கையில் உறைக்கும்.

கரண்ட் பில் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. 43 இன்ச் டிவியை 100 வாட் என்று வைத்தால் தினம் 5 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 30 யூனிட். 20 வாட் மானிட்டர் 6 யூனிட். "32-க்கு மேல் போனால் வரி அதிகம்" என்ற பழைய கணக்கும் இப்போது செல்லாது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவி, பெரிய மானிட்டர் இரண்டுக்கும் ஜிஎஸ்டி 28-இல் இருந்து 18 சதவீதமாகிவிட்டது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபிளாட் கட்டுகிறவர்கள் டிவி பாயிண்ட்டை ஏன் ஐந்தரை அடி உயரத்தில் வைக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அந்தப் பிளக்கை மறைப்பதற்காகவே டிவியை அங்கே மாட்டி, வீடே அண்ணாந்து பார்க்கிறது. பிறகு கழுத்து வலிக்குக் குற்றவாளி டிவி! உட்கார்ந்திருப்பவர் கண் தரையில் இருந்து மூன்றரை அடி வாக்கில் இருக்கும், திரையின் நடுப்பகுதியும் அங்கேதான் இருக்க வேண்டும். மாட்ட வருபவர் அவசரப்படுத்துவார். ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி வைத்துக்கொண்டு, கீழே இறக்கி அடிக்கச் சொல்லுங்கள். மானிட்டருக்கு 75 அல்லது 100 மிமீ வீசா பிராக்கெட் (பின்பக்கத் திருகுத் துளைகளின் இடைவெளிக்கான தரம்) போதும், 43 இன்ச் டிவிக்கு 200 மிமீ கேட்கலாம். மேனுவலில் பார்த்துவிட்டுத் துளையிடுங்கள்.

கடையில் டிவி எல்லாம் ஸ்டோர் மோடில், விவிட் நிறத்தில் ஓடும். ரிமோட்டை வாங்கி ஹோம் மோடுக்கும் 'சினிமா' அல்லது 'மூவி' படத்துக்கும் மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மாட்டேன் என்றால் அடுத்த கடை. மானிட்டருக்கு லேப்டாப்பையும் ஸ்டிக்கையும் எடுத்துப் போய், வாங்கும் அதே பீஸில் செருகிப் பாருங்கள், வெள்ளை, கறுப்பு என முழுத்திரை நிறம் வைத்து, நிறம் மாறாமல் நின்றுவிட்ட செத்த புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றிரண்டு செத்த புள்ளிக்கெல்லாம் அநேக கம்பெனிகள் மாற்றித் தராது, அதனால் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.