நகாட்டி விதைக்கு டி.என்.ஏ. சோதனை: இலையை அனுப்பும் முன்

கேள்வி: உகாண்டாவின் வக்கிசோ, முக்கோனோ மாவட்ட உழவர்களிடம் 60 நகாட்டிக் கீரை விதை மாதிரிகள் வாங்கி வைத்திருக்கிறோம். பாதி ஒரே விதையாக இருக்குமோ என்று சந்தேகம். முகவர் ஒருவர், இலைகளைக் கொடுத்தால் முழு ஜீனோமையும், அதாவது செடியின் டி.என்.ஏ. முழுவதையும் படித்து, எது சிறந்த ரகம் என்றும் அறிக்கை தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். டி.என்.ஏ. மார்க்கர், அதாவது செடிக்குச் செடி மாறும் டி.என்.ஏ. அடையாள இடம், எந்தச் செடி எதற்கு உறவு என்று சொல்லும். எது நன்றாக விளையும், எந்தக் கீரை கசக்கும் என்பதெல்லாம் பாத்தியில் விதைத்துப் பார்த்துத்தான் தெரியும். இலையை மட்டும் வாங்கிக்கொண்டு "சிறந்த ரகம்" சொல்கிறேன் என்பவர், தன்னிடம் இல்லாததை விற்கிறார்.

முழு ஜீனோமும் உங்களுக்கு வேண்டாம். நகாட்டி ஆப்பிரிக்கக் கத்தரியின் கீரை வகை. என்டுலா அதே இனத்தின் காய் வகை. இந்த இனத்தின் ஜீனோம் 2019லேயே வெளியாகிவிட்டது. அதோடு, சுண்டைக்காய் அளவில் காய்க்கும் காட்டு மூதாதையான கட்டுன்குமாவையும் சேர்த்து 65 மாதிரிகளைப் படித்திருக்கிறார்கள். ஏற்கெனவே போட்ட சாலைக்கு நீங்கள் மறுபடி பணம் கட்ட வேண்டாம்.

உங்கள் சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எஸ்.எஸ்.ஆர். மார்க்கர். டி.என்.ஏ.வில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்களின் நீளத்தை அளப்பது. 15 மார்க்கர் போதும். ஆனால் இவற்றில் பல நம் ஊர்க் கத்தரிக்காக உருவாக்கப்பட்டவை. ஆப்பிரிக்கக் கத்தரியில் சில ஒட்டாது. ஒட்டாத இடம் வெறுமையாகத் தெரியும், அல்லது கலப்புள்ள செடியைத் தூய செடியாகக் காட்டும். அதனால் முதலில் 30 மார்க்கரை 8 செடிகளில் ஓட்டிப் பார்த்து, தெளிவாக வருவதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீளத்தை, டி.என்.ஏ. துண்டுகளைப் பிரித்துக் காட்டும் சாதாரண அகரோஸ் ஜெல்லில் அளக்க விடாதீர்கள். 2, 4 டி.என்.ஏ. எழுத்து வித்தியாசம் அதில் தெரியாது. டி.என்.ஏ.வில் எங்கெங்கோ ஒட்டும் துண்டுகளை வைத்துச் செய்யும் ஆர்.ஏ.பி.டி. சோதனை மலிவு என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இன்று ஒரு ஆய்வகத்தில் வந்த பட்டை நாளை இன்னொன்றில் வராது.

மற்றொன்று, ஆயிரக்கணக்கான ஒற்றை எழுத்து வேறுபாடுகளை ஒரே ஓட்டத்தில் படிக்கும் முறை. 94 இலை மாதிரி கொண்ட, சிறு குழிகளுள்ள தட்டாக அனுப்ப வேண்டும். நான் இதையே பரிந்துரைப்பேன். 60 விதை மாதிரிகளிலிருந்தும் ஒவ்வொரு செடி. அவற்றில் 8 மாதிரிகளுக்கு மட்டும் மேலும் 4 செடிகள், மொத்தம் 92. மீதி 2 குழிகளில் ஏற்கெனவே வைத்த இரண்டு செடிகளை வேறு எண்ணில் திரும்ப வையுங்கள், ஆய்வகத்திடம் சொல்லாமல். அந்த ஜோடிகளின் முடிவு ஒத்துப்போகாவிட்டால் மீதியையும் நம்ப முடியாது.

பல செடிகளின் இலையைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. முகவர்கள் அதைத்தான் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு விதை மாதிரிகள் மொத்தத்தில் வேறா என்பது மட்டுமே கேள்வியாக இருந்து, எத்தனை முறை எந்த எழுத்து வந்தது என்று எண்ணும் வரிசைப்படுத்தல் முறையும் இருந்தால் கலக்கலாம். அப்போதும் மாதிரிக்கு 20 செடியாவது வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு வட்டம், காகிதத் துளைப்பானால் வெட்டியது. ஒரு செடியின் இலை பெரிதாக விழுந்தால் அதன் குரலே மேலோங்கும். கலந்தது என்று ஆய்வகத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். பிறகு வரும் அறிக்கையில் "கலப்பு விகிதம்" என்று போட்டிருக்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது, அது ஒற்றைச் செடிக்கு மட்டுமே பொருந்தும். எஸ்.எஸ்.ஆர். முறையில் இந்த விலக்கு செல்லாது.

இலை எடுப்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். நுனியிலுள்ள இளம் இலை 2 போதும். காகித உறையில் போட்டு, பென்சிலால் எண் எழுதி, இலை எடையைப் போல் 10 மடங்கு சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஒரு நாளில் நொறுங்கும்படி காய வேண்டும். ஜெல் நிறம் மாறினால் உடனே மாற்றுங்கள். வெயிலில் காயப்போட்டாலோ பிளாஸ்டிக் பையில் வண்டியில் வைத்தாலோ இலை பழுப்பாகும்; கத்தரி இனத்தில் உள்ள, இலையைப் பழுப்பாக்கும் பாலிஃபீனால்கள் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த வேலை எதுவும் நடக்காது.

நாட்டுக்கு வெளியே இலையோ டி.என்.ஏ.வோ போவதென்றால் உகாண்டா தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலின் அனுமதியும், விதை கொடுத்த உழவரின் சம்மதமும் வேண்டும். விதை, செடி போன்ற மரபு வளங்களைக் கொடுத்தவரின் சம்மதத்தோடு எடுத்து, பலனைப் பகிர வேண்டும் என்னும் நகோயா சர்வதேச உடன்படிக்கை 2014ல் நடைமுறைக்கு வந்தது. அதன் நோக்கமும் இதுவே. நோக்கம் நல்லது. ஆனால் உழவருக்கு ஒரு பக்கத்தில் புரிய வேண்டிய ஒப்பந்தம் ஏன் சட்ட ஆங்கிலத்தில் கட்டுக்கட்டாக இருக்க வேண்டும்? இந்தச் சிக்கலால்தான் சிறு அமைப்புகள் முகவரைத் தேடிப் போகின்றன. "அனுமதி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரிடம் தாளைக் கண்ணால் பார்க்காமல் உறையைக் கொடுக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: செடிகளின் உறவைக் காட்டும் வண்ண மரப்படம் மட்டுமல்ல, மூலத் தரவுக் கோப்பும் உங்களுக்கு வர வேண்டும். அது இருந்தால் பல்கலைக்கழகத்தில் யாரிடமாவது மறுபடி கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இலை எடுத்த அதே செடியின் பூங்கொத்துக்கு, பூ விரியும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டுங்கள். தேனீ வந்தால் விதை கலந்துவிடும். அந்த விதையை இலை உறையில் உள்ள அதே எண்ணில் தனியே வையுங்கள். அறிக்கை வந்த பின் எந்தெந்த எண்களை ஒன்றுசேர்ப்பது, எதைத் தனியே பாத்தியில் போடுவது என்று அந்த விதையை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.