விடுதி அறைக்கு டிவி கொண்டு போகலாமா? கேள்வி பதில்

ஜூன், ஜூலை பிறந்தால் சேலத்துக் கல்லூரி விடுதிகளில் பெட்டி படுக்கையோடு புது முகங்கள் வந்து இறங்கும். கூடவே டிவி பற்றிய கேள்விகளும் வரும். நான் இங்கே ஒரு கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பாடம் நடத்துகிறேன், விடுதித் துணைக் காப்பாளராகவும் இருக்கிறேன். மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

பையன் முதலாமாண்டு சேருகிறான். மூன்று பேர் தங்கும் அறை. அவன் பெரியப்பா 32 இன்ச் டிவி வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுத்து அனுப்பலாமா சார்? (ஓமலூரிலிருந்து ஒரு தாய்)

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. சேர்க்கை அன்று உங்களிடமும் கையெழுத்து வாங்கிய விடுதி விதிகள் தாளை முதலில் எடுத்துப் பாருங்கள். பல விடுதிகளில் அறைக்குள் டிவி வைக்க அனுமதியே கிடையாது. அனுமதி இருக்கிற இடமாக இருந்தாலும் முதல் செமஸ்டரில் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மூன்று கட்டில், மூன்று மேஜை, மூன்று அலமாரி போட்ட பிறகு அறையில் நடக்கத்தான் இடம் மிஞ்சும். 32 இன்ச் டிவி 70 செ.மீ.க்கு மேல் அகலம் இருக்கும். அது கடைசியில் யாரோ ஒருவருடைய படிக்கிற மேஜையில்தான் போய் உட்காரும். பெரும்பாலும் வாய் திறந்து ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாத பையனின் மேஜையாக இருக்கும். அவன் கட்டிலில் நோட்டை வைத்துக் குனிந்து எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரிது. விடுதியின் பொது ஹாலில் ஒரு டிவி இருக்கும். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் பந்து வீசுகிற இரவில் போய்ப் பாருங்கள், மெக்கானிக்கல், சிவில், ஜூனியர், சீனியர் என்று பார்க்காமல் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். புதுப் பையனுக்குப் பழக்கம் ஏற்படுகிற இடம் அது. ஊர் நினைப்பு அதிகம் வாட்டுவது முதல் இரண்டு மாதம்தான். அந்த நேரத்தில் அறையிலேயே திரை இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன்னாலேயே கிடப்பான். பொங்கல் வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள். அப்போதும் அவனே கேட்டால் யோசிக்கலாம்.

நாங்கள் நான்கு பேர். மூன்று பேருக்குச் சம்மதம், ஒருவன் மட்டும் வேண்டாம் என்கிறான். மூன்று பேர் சொல்வதுதானே சரி? (இரண்டாமாண்டு மாணவர், ஆத்தூர்)

இல்லை தம்பி. ஒருவனுடைய தூக்கத்தை மற்ற மூன்று பேர் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்க முடியாது. அவனுக்கு எது தொந்தரவு என்று தனியாக உட்கார்ந்து கேள். சத்தம் என்றால் ஹெட்போனில் தீர்ந்துவிடும். வெளிச்சம் என்றால் தீராது. விளக்கை அணைத்த அறையில் டிவி ஓடினால் எதிர்ச் சுவர் முழுக்க மினுங்கிக்கொண்டே இருக்கும், கண்ணை மூடினாலும் தெரியும்.

இரவு பத்தரைக்கு மேல் கிடையாது, தேர்வு வாரத்தில் ரிமோட் காப்பாளரிடம் இருக்கும், இதை நான்கு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லிப் பார். அதற்கும் அவன் மறுத்தால் விட்டுவிடு. ஐபிஎல் நடப்பதும் ஏப்ரல், மே மாதத்தில்தான், செமஸ்டர் தேர்வு வருவதும் அப்போதுதான். அவன் பயம் நியாயமானது.

இன்னொன்று, நான்கு பேரும் பங்கு போட்டு வாங்காதீர்கள். கடைசி வருஷம் அறையைக் காலி பண்ணும் நாளில் அது யாருக்கு என்று சண்டை வரும்.

டிவி வைத்தால் கரண்ட் பில் ஏறும், ஃபியூஸ் போகும் என்று எங்கள் வார்டன் சொல்கிறார். உண்மையா? (மேட்டூர்)

டிவியால் அது நடக்காது. 32 இன்ச் எல்இடி டிவி சுமார் 50 வாட்தான் இழுக்கும். தினம் நான்கு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு 6 யூனிட். வாளித் தண்ணீரில் போடுகிற 1500 வாட் ஹீட்டர் கம்பி, அந்த நான்கு மணி நேரக் கரண்டை எட்டே நிமிடத்தில் தின்றுவிடும்.

வார்டன் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. டிவிக்கென்று ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரும். பிறகு அதே பாக்ஸில் அயர்ன் பாக்ஸ், கெட்டில், இன்டக்‌ஷன் அடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சேரும். அறையில் இருக்கிற 6 ஆம்பியர் சாக்கெட் 1380 வாட் வரைதான் தாங்கும். பிளக் பழுப்பேறி, தொட்டால் சுடுகிற பாக்ஸ்களை ஆய்வின்போது அடிக்கடி பார்க்கிறேன். டிவியைச் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகு, பாக்ஸ் வேண்டாம்.

கோடிங் படிக்கிறேன். லேப்டாப்போடு இணைக்க 32 இன்ச் டிவி வாங்கினால் படிப்புக்கும் ஆச்சு, படத்துக்கும் ஆச்சு என்று நினைக்கிறேன்.

அந்தப் பணத்தில் 24 இன்ச் மானிட்டர் வாங்கு. விலை குறைந்த 32 இன்ச் டிவிகள் பலவற்றில் 1366 × 768 புள்ளிகள்தான். சோபாவில் சாய்ந்து படம் பார்க்கப் போதும், இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் பிசிறடிக்கும். முழு எச்டி மானிட்டரில் 1920 × 1080 இருக்கும், எழுத்து கூர்மையாகத் தெரியும். அகலமும் 55 செ.மீ. அளவுதான், உன் மேஜைக்குள் அடங்கிவிடும். ஸ்பீக்கர் இல்லாத மாடலாகப் பார்த்து வாங்கினால் அறை நண்பர்களுக்கும் நிம்மதி.

ஸ்மார்ட் டிவிக்கு நெட் எப்படி? டிஷ் வைக்க முடியுமா? (ராசிபுரம்)

கல்லூரி வைஃபையை நம்பி வாங்காதே. பெயர், பாஸ்வேர்டு கேட்கிற பக்கம் டிவியில் பல நேரம் திறக்கவே திறக்காது. செல்போன் ஹாட்ஸ்பாட் என்றால், முழு எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 2 முதல் 3 ஜிபி போகும்; தினம் 2 ஜிபி பிளான் முதல் படத்தின் இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிடும். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா இல்லை, ஆனால் தென்கிழக்கு வானம் மறைக்காத மொட்டை மாடியில் தட்டு வைக்க வேண்டும். விடுதி மாடியில் அதற்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

என் தம்பிக்குப் பார்வை குறைவு. பெரிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிறது. அவன் விடுதியில் டிவிக்குத் தடை. என்ன செய்வது? (சங்ககிரியிலிருந்து ஒரு அக்கா)

தயங்காமல் கேளுங்கள் அம்மா. அவனுக்கு அது படிக்கிற கண்ணாடிக்குச் சமம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, உயர்கல்வி நிறுவனங்கள் அவர்களுக்குத் தேவையான வசதி செய்து தர வேண்டும் என்கிறது. மருத்துவச் சான்றின் நகலோடு முதல்வருக்கு விண்ணப்பம் எழுதி, காப்பாளருக்கும் ஒரு நகல் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் பெறுங்கள். வாய்வழி அனுமதி போதாது. அடுத்த வருஷம் காப்பாளர் மாறினால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சுவரை ஒட்டிய மேஜையும் அருகிலேயே சாக்கெட்டும் வேண்டும் என்று அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். என் விடுதியில் இப்படி ஒரு பையன் வந்தால் அறையை நானே முன்னால் நின்று ஏற்பாடு செய்வேன்.

வீட்டில் அரசு கொடுத்த பழைய 14 இன்ச் டிவி சும்மா கிடக்கிறது. அதைக் கொண்டு போகலாமா?

வேண்டாம். செட்டாப் பாக்ஸ் இல்லாமல் ஒன்றும் வராது, கனமும் அதிகம், பிக்சர் டியூப் உடைந்தால் ஆபத்து. மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடு.

ஏற்காட்டில் தங்கிப் படிக்கிறேன், தனி அறை, அனுமதியும் வாங்கிவிட்டேன். இடி, பனி, பஸ் பயணம் எல்லாம் யோசனையாக இருக்கிறது.

தனி அறை, அனுமதியும் இருக்கிறது என்றால் தாராளமாகக் கொண்டு போ. பஸ்ஸில் போகும்போது டிவியை வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே தெர்மோகோலோடு நிமிர்த்தி வை, படுக்கப் போடாதே. 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கை அதன் மேல் இருக்கட்டும்.

கோடை மழையும் ஐப்பசி மழையும் அங்கே இடியோடுதான் இறங்கும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கு. டிஷ் ஒயரோ லேன் ஒயரோ இருந்தால் அதையும் கழற்று, மின்னல் அந்த வழியாகவும் வரும். ஸ்டெபிலைசருக்குப் பெரும்பாலும் அவசியம் இருக்காது. பின்பக்க ஸ்டிக்கரில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால் ஏற்ற இறக்கத்தை அதுவே சமாளிக்கும்.

பனி நுழைகிற ஜன்னல் பக்கம் வைக்காதே. விடுமுறைக்குக் கீழே கொண்டு வந்தால் உடனே போட்டுப் பார்க்காதே. மலைக் குளிரில் இருந்த செட் சேலத்து வெக்கையில் உள்ளே வியர்க்கும். இரண்டு மணி நேரம் பெட்டியைத் திறந்து ஆற விட்டு, அப்புறம் பிளக்கைச் செருகு.