பேக்கப்புக்கு எவ்வளவு வட்டு இடம் ஒதுக்க வேண்டும்? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளக் கோப்பு 500 ஜிபி. தினமும் முழு பேக்கப் எடுத்து 14 நாள் வைத்திருக்க 7,000 ஜிபி வேண்டுமா?

பதில்: கோப்பின் அளவை வைத்துக் கணக்கிடாதீர்கள். பயன்பாட்டில் உள்ள பக்கங்கள் (கோப்பினுள் தரவைச் சேமிக்கும் சிறு அலகுகள்) மட்டுமே பேக்கப்பில் எழுதப்படுவதால், கோப்பினுள் 300 ஜிபிக்குத்தான் தரவு இருந்தால் பேக்கப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். சுருக்கி எழுதினால் இன்னும் குறையும். எழுத்து வடிவத் தரவு நன்றாகச் சுருங்கும், படங்கள் அநேகமாகச் சுருங்கா என்பதால், ஒருமுறை எடுத்து அளந்து பார்ப்பதே நம்பகமான வழி.

சுருக்கியபின் 100 ஜிபி வருவதாகக் கொள்வோம். வாரம் ஒரு முழு பேக்கப்பும் மற்ற ஆறு நாள் டிஃபரென்ஷியலும் எடுக்கலாம். டிஃபரென்ஷியல் என்பது கடைசி முழு பேக்கப்புக்குப் பின் மாறிய அனைத்தையும் சுமப்பதால், நாளுக்கு 2 ஜிபி மாறினால் அது 2, 4, 6 என ஏறி ஆறாம் நாள் 12 ஆகும். ஆறும் சேர்ந்து 42 ஜிபி. லாக் பேக்கப், அதாவது மாற்றங்களைப் பதியும் பதிவேட்டின் நகல், நாளுக்கு 5 வீதம் 35. ஆக, வாரத்துக்கு 177 ஜிபி.

இரண்டு வாரத்துக்கு 354 போதும் என்று பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 14 நாளுக்கு முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால், அதற்கும் முன்னால் எடுத்த முழு பேக்கப் கையில் இருந்தாக வேண்டும். எனவே மூன்று வாரத் தொகுப்பு, 531 ஜிபி. புதிய முழு பேக்கப் எழுதி, சரிபார்த்து முடியும்வரை பழையதை அழிக்கக் கூடாது என்பதால் மேலும் 100. உச்ச நேரத்தில் 631 ஜிபி தேவைப்படும். தரவின் வளர்ச்சிக்கு அதற்கு மேல் இடம் விடுங்கள்.

கேள்வி: ஞாயிறு இரவு மட்டும் லாக் பேக்கப் பல மடங்கு பெருக்கிறது. ஏன்?

பதில்: அன்று இண்டெக்ஸ்களை (தேடலை வேகப்படுத்தும் பட்டியல்கள்) மறுகட்டமைக்கும் வேலை ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லா மாற்றத்தையும் லாகில் பதியும் முழு மீட்பு முறையில் அந்த வேலை முழுவதும் லாகில் பதிவாகும். அடுத்த டிஃபரென்ஷியலும் வீங்கும். முழு பேக்கப்பை அதற்குப் பிறகு எடுத்தால் டிஃபரென்ஷியலாவது சிறிதாக இருக்கும்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், தரவை ஏற்றுமதி செய்யும் பிஜி_டம்ப் 40 ஜிபிதான் வருகிறது. அதையே திட்டத்துக்கு அடிப்படையாகக் கொள்ளலாமா?

பதில்: டம்ப் மட்டுமே எடுப்பதாக இருந்தால் கொள்ளலாம். அதில் இண்டெக்ஸ்களின் வரையறை மட்டுமே இருக்கும். பிஜி_பேஸ்பேக்கப் இண்டெக்ஸ் கோப்புகளையும் நகலெடுப்பதால் பெரிதாகவே வரும். அதனுடன் 'வால்' (WAL, மாற்றங்களைப் பதியும் லாக்) கோப்புகளையும் காப்பகப்படுத்துவீர்கள். பெயர் ஆங்கிலச் சுருக்கமே எனினும் தமிழ் வாலைப் போலவே நீளக்கூடியவை. ஒரு கோப்பு இயல்பாக 16 எம்பி. கோப்பு நிரம்பாவிட்டாலும் குறித்த நேரத்தில் புதியதற்கு மாறச் செய்யும் ஆர்க்கைவ்_டைம்அவுட்டை 60 நொடியாக வைத்தால், நிமிடந்தோறும் சிறு மாற்றம் ஒன்று நடந்தாலே நாளுக்கு 1,440 கோப்புகள், அதாவது 22.5 ஜிபி சேரும். சுருக்கிச் சேமித்தால் பெருமளவு குறையும். காப்பக வட்டு நிரம்பிவிட்டால் அந்தக் கோப்புகள் மூல வட்டிலேயே தேங்கி, அதுவும் நிரம்பும்போது தரவுத்தளமே நின்றுவிடும். ஆகவே எச்சரிக்கை அமைப்பை இரு வட்டுகளுக்கும் வையுங்கள்.

கேள்வி: 100 ஜிபி பேக்கப்பைச் சோதனைக்காக மீட்க 300 ஜிபி வட்டு போதுமா?

பதில்: போதாது. எஸ்க்யூஎல் சர்வர் மீட்கும்போது, உள்ளே காலியாக இருந்த இடத்தையும் சேர்த்து மூலக் கோப்பின் அதே அளவில் உருவாக்கும். உங்கள் முதல் கணக்கில் வேண்டாமென்று ஒதுக்கிய 500 ஜிபி இங்கே முழுமையாகத் தேவைப்படும். லாக் கோப்பின் அளவு அதற்கும் மேல்.