ஜெர்மன் வினைத்திரிபை மனப்பாடம் செய்த பிள்ளைகள் பேசும்போது தடுமாறுவது ஏன்?

ஆளுக்கேற்ப வினை மாறும் அட்டவணையைத் தனியாகவும் மரபுத்தொடரைத் தனியாகவும் நடத்துவதுதான் சிக்கல் என்பேன். இரண்டையும் சேர்த்து நடத்துங்கள்.

முதலில், தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிதே அல்ல. வர்றேன், வர்றே, வர்றான் என்று ஆளுக்கேற்ப முடிவை மாற்றித்தானே பேசுகிறோம்? ஜெர்மனில் இஹ் கொமெ, டூ கொம்ஸ்ட், எர் கொம்ட். அவன், அவள், அது மூன்றுக்குமே கொம்ட்தான். அந்த வகையில் தமிழைவிடச் சுலபம். ஆனால் நாம் 'நான்' என்பதை விட்டுவிட்டு 'வர்றேன்' என்று மட்டும் சொல்வது போல அங்கே 'இஹ்' என்பதை விட முடியாது. நம் பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான்.

உயிரெழுத்து மாறும் வினைகளுக்கு ஒரு தொடர் போதும்: 'டூ நிம்ஸ்ட் மிஹ் அவுஃப் டேன் ஆர்ம்'. நேர்ப்பொருள், என்னைக் கையில் தூக்குகிறாய். உண்மைப் பொருள், என்னைக் கலாய்க்கிறாய். பக்கத்துப் பையன் ஏதாவது புளுகட்டும், இவன் இதைச் சொல்லட்டும். பிறகு 'அவன்' என்று மாற்றச் சொல்லுங்கள்: எர் நிம்ட். 'நான்' என்றால் நேமெ. 'நே' எங்கே 'நி' ஆகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

'வைத்திரு' என்று பொருள்படும் 'ஹாபன்' வினைக்குத் தக்காளி: 'ஹாஸ்ட் டூ டொமாட்டன் அவுஃப் டேன் அவ்கன்?' கண்ணில் தக்காளியா வைத்திருக்கிறாய், அதாவது எதிரே இருப்பது தெரியவில்லையா? தொலைந்த பேனா மேசைமேலேயே கிடக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. வாரத்துக்கு இரண்டு தொடருக்கு மேல் வேண்டாம்.