சாட்பாட் விண்டோஸ் 10க்கும் 11க்கும் வழியை மாற்றிச் சொல்கிறதா?

கேள்வி: சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் விற்கிறோம். வாடிக்கையாளர்களின் சந்தேகங்களுக்கு எங்கள் இணையதளத்திலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு சாட்பாட் பதில் சொல்கிறது. அதற்குக் கொடுத்திருந்த 300 பதில்களும் விண்டோஸ் 10ஐ வைத்து எழுதியவை. இப்போது பலர் விண்டோஸ் 11க்குப் போய்விட்டதால் புதிய வழிகாட்டிகளையும் பிடிஎஃப்பாக ஏற்றினோம். ஆனாலும் சில நேரம் பழைய வழியைச் சொல்கிறது, சில நேரம் இரண்டையும் கலந்து சொல்கிறது. பழையதை அழித்துவிடலாமா? இல்லை, 300 பதிலையும் புதிதாக எழுத வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பழையதை அழித்தால், இன்னும் விண்டோஸ் 10 வைத்திருக்கும் கடைக்காரருக்கு அது 11இன் வழியைச் சொல்லும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதுதான். அதற்காகக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை யாரும் மறுநாளே மாற்றுவதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினி 11க்குத் தகுதி பெறாது என்பதும் ஒரு காரணம். இன்னும் சில காலத்துக்கு உங்கள் சாட்பாட் இரண்டையும் தெரிந்து வைத்திருந்தாக வேண்டும்.

கலந்து சொல்வதற்குக் காரணம் புதிய விவரம் போதாதது அல்ல. கேள்வியோடு பொருளில் நெருங்கிய பத்திகளைத் தேடி எடுத்து, அவற்றை மொழி மாதிரியிடம் (பதிலை எழுதும் ஏஐயிடம்) கொடுத்துப் பதில் எழுதச் சொல்கிற அமைப்பு உங்களுடையது என்பது பிடிஎஃப் ஏற்றியதிலிருந்து தெரிகிறது. அந்தத் தேடலுக்கு "விண்டோஸ் 10இல் பிரிண்டர் சேர்ப்பது", "விண்டோஸ் 11இல் பிரிண்டர் சேர்ப்பது" என்ற இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஓர் எண் மட்டுமே வேறு என்பதால் எப்போதும் சேர்ந்தே வந்து நிற்கும். போதாக்குறைக்கு, பிடிஎஃப்பைச் சில நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டும்போது "விண்டோஸ் 11" என்ற தலைப்பு முதல் துண்டோடு போய்விடுகிறது. மூன்றாவது துண்டில் "பிறகு டிவைசஸைத் திறந்து..." என்று மட்டும் இருக்கும். அது எந்த விண்டோஸுக்கு எழுதியது என்று எழுதியவருக்கே தெரியாது.

ஆகவே பிடிஎஃப்களை எடுத்துவிட்டு, ஒரு சிக்கலுக்கு ஓர் அட்டை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் அது பொருந்தும் விண்டோஸைத் தனிப் புலமாகக் குறித்து வையுங்கள். தேடல் தொடங்கும் முன்பே அந்தப் புலத்தை வைத்து வடிகட்ட வேண்டும். பத்திகளை எடுத்துக் கொடுத்துவிட்டு "சரியானதைத் தேர்ந்தெடு" என்று மாதிரியிடம் விடுவதுதான் இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பது.

அந்தப் புலத்தில் "விண்டோஸ் 11" என்று பெயரைப் போடாமல் பில்ட் எண்ணை, அதாவது விண்டோஸின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உள்ள வரிசை எண்ணைப் போடுங்கள். 22000க்குக் கீழே இருந்தால் 10, அதிலிருந்து மேலே 11. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2வின் எண் 19045. 11இல் 23எச்2 என்றால் 22631, 24எச்2 என்றால் 26100, 25எச்2 என்றால் 26200. "முதல்", "வரை" என்று இரண்டு கட்டம் வேண்டும். 24எச்2க்கு மட்டும் என்று எழுதிய பதில் 25எச்2காரருக்குக் கிடைக்காமல் போகும். உண்மையில் இரண்டும் ஒரே அடித்தளம், ஒரு சிறு தொகுப்பு அதை 25எச்2 ஆக்குகிறது, பதிலும் பெரும்பாலும் அதேதான். "வரை" கட்டம் காலியாக இருந்தால் இன்றும் செல்லும் என்று பொருள். ஓர் அட்டை இப்படி இருக்கலாம்:

சிக்கல்: பில் வேறு பிரிண்டருக்குப் போகிறது
கேட்கும் விதங்கள்: பில் பிரிண்ட் ஆகல / பில் பெரிய பிரிண்டர்ல வருது / டிஃபால்ட் மாறிப் போகுது
பில்ட் முதல்: 22000. வரை: (காலி)
எடிஷன் (ஹோம், ப்ரோ போன்ற வகை): எல்லாம்
வழி: செட்டிங்ஸ் > புளூடூத் & டிவைசஸ் > பிரிண்டர்ஸ் & ஸ்கேனர்ஸ். அங்கே "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்" என்பதை ஆஃப் செய்யவும். பிறகு தெர்மல் பிரிண்டரைத் திறந்து "செட் ஆஸ் டிஃபால்ட்".
காரணம்: அது ஆனில் இருந்தால், கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே விண்டோஸ் டிஃபால்ட் ஆக்கிக்கொள்ளும். லேசர் பிரிண்டரில் ஒரு ஸ்டேட்மென்ட் எடுத்தால் போதும், அடுத்த பில் அங்கே போய்விடும்.
சரிபார்த்தது: எந்த பில்டில், எந்தத் தேதியில், யார்

விண்டோஸ் 10க்கான அட்டையில் வழி மட்டும்தான் மாறும்: செட்டிங்ஸ் > டிவைசஸ் > பிரிண்டர்ஸ் & ஸ்கேனர்ஸ். காரணம் அதேதான். அட்டையில் மெனுப் பெயர்களைத் திரையில் இருக்கும் ஆங்கில எழுத்திலேயே போடுங்கள். இங்கே நாம் எழுதியிருப்பதுபோலத் தமிழில் எழுதினாலோ, "அமைப்புகள்" என்று மொழிபெயர்த்தாலோ, ஆங்கில விண்டோஸ் வைத்திருப்பவர் அந்தச் சொல்லைத் திரையில் தேடிக்கொண்டே இருப்பார்.

இனி 300 பதில்களின் கதை. ஜிஎஸ்டி பதிவு, ஐட்டம் மாஸ்டர், ஸ்டாக் ரிப்போர்ட் போன்று உங்கள் மென்பொருளுக்குள்ளேயே முடியும் கேள்விகளுக்கும் விண்டோஸுக்கும் தொடர்பில்லை. "எல்லா பில்டும்" என்று குறித்துவிட்டு அப்படியே விடுங்கள். மீதியில் பலவற்றில் வழி மட்டும்தான் மாறியிருக்கும். விண்டோஸ் அப்டேட் 10இல் "அப்டேட் & செக்யூரிட்டி"க்குள் இருந்தது; 11இல் செட்டிங்ஸின் இடப்பக்கப் பட்டியலிலேயே தனியாக நிற்கிறது. ரெக்கவரியும் ஆக்டிவேஷனும் "சிஸ்டம்" என்பதற்குள் போய்விட்டன. ஃபைலின்மேல் வலது கிளிக் செய்தால் வரும் பழைய பட்டியலுக்கு 11இல் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" அழுத்த வேண்டும். இவற்றில் சிலவற்றுக்கு இரண்டு அட்டை தேவைப்படாது. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் "எம்எஸ்-செட்டிங்ஸ்", முக்காற்புள்ளி, "பிரிண்டர்ஸ்" என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்தால் 10, 11 இரண்டிலும் அதே பக்கம் திறக்கும். மெனு வழி அடுத்த வெளியீட்டில் மறுபடி இடம் மாறலாம். இந்த முகவரிகள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

உண்மையில் நேரம் செலவிட வேண்டியது விண்டோஸின் நடத்தையே மாறிப்போன சில கேள்விகளில். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் கடையை நிறுத்துபவை அவையே. முதலாவது, "மெயின் கணினியில் இருக்கும் டேட்டா ஃபோல்டர் திறக்கவில்லை." கடவுச்சொல் கேட்காத ஷேர்டு ஃபோல்டரையோ பழைய நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்பு) பெட்டியையோ நம்பி ஓடும் கடைகள் ஏராளம். 24எச்2விலிருந்து ப்ரோ எடிஷனில் இரண்டு கட்டுப்பாடுகள் இயல்பாகவே வந்துவிட்டன: கோப்புப் பகிர்வு இணைப்புகளில் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவுக்குத் தடை. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை இதை அனுமதிக்கவில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். தனி ஆளாக மளிகைக்கடை நடத்துபவருக்கு எந்த நிறுவனம், என்ன கொள்கை என்று தலை சுற்றும். அந்தச் செய்தியை எழுத்துப் பிசகாமல் "கேட்கும் விதங்கள்" கட்டத்தில் சேருங்கள். பலர் அதைத்தான் அப்படியே ஒட்டிக் கேட்பார்கள். தீர்வு, மெயின் கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனரை உருவாக்கி, ஃபோல்டருக்கு அவருக்கு மட்டும் அனுமதி கொடுத்து, மற்ற கணினிகளில் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமிப்பது. நாஸ் என்றால் அதன் மென்பொருளையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். தடையையே நீக்கும் கட்டளைகள் இணையத்தில் எங்கும் கிடைக்கின்றன. அவை சாட்பாட் வாயிலிருந்து வரக்கூடாது. கணக்கு டேட்டா இருக்கும் இடத்தைப் பூட்டில்லாமல் திறந்து வைக்கும் வேலை அது.

ஷேர்டு பிரிண்டரில் 11பி, 709 என்று முடியும் பிழை எண்களும் இதே ரகம். 2021இல் வந்த பாதுகாப்புத் திருத்தங்களோடு அவை பரவலாயின. விண்டோஸின் உள் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் போதும் என்ற குறுக்குவழிக்குத் திருத்தத்தையே செயலிழக்கச் செய்வது என்றுதான் பொருள். இரு கணினிகளிலும் அப்டேட் சமமாக இருக்கிறதா, டிரைவர் ஒன்றா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, தீராவிட்டால் மனிதரிடம் மாற்றிவிடட்டும். மூன்றாவது, 24எச்2வைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் தகுதியுள்ள கணினிகளில் டிஸ்க் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிறது. பிறகு யாராவது பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பில்) கை வைத்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும் என்பதைச் சாட்பாட் சொல்ல வேண்டும். அந்த எண்ணை உரையாடலில் அனுப்பும்படி மட்டும் ஒருபோதும் கேட்கக்கூடாது.

இவ்வளவும் வேலை செய்ய, எதிரில் இருப்பவரின் விண்டோஸ் எது என்று தெரிய வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பிரவுசர் தன்னைப் பற்றி இணையதளத்துக்கு அனுப்பும் யூசர் ஏஜென்ட் வரியில் விண்டோஸ் 11கூட "என்டி 10.0" என்றே இருக்கும். அதை நம்பினால் எல்லோரும் 10காரர்கள்தான். குரோம், எட்ஜ் இரண்டிலும் கிளையன்ட் ஹின்ட்ஸ் என்ற வேறொரு வசதி வழியாகப் பிளாட்ஃபார்ம் வெர்ஷனைக் கேட்கலாம். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் அது 11. ஃபயர்ஃபாக்ஸ் இதைத் தராது. வாட்ஸ்அப்பில் கேட்பவர் கையில் இருப்பதோ போன். கோளாறு வேறு கணினியில்.

மிகச் சரியான இடம் உங்கள் மென்பொருளுக்குள் இருக்கும் "உதவி" பொத்தான். அதை அழுத்தும்போதே பில்ட் எண்ணையும் எடிஷனையும் சாட்பாட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் "புராடக்ட் நேம்" என்ற மதிப்பைப் படிக்க வேண்டாம். விண்டோஸ் 11 கணினியிலும் அது "விண்டோஸ் 10" என்றே சொல்லும். பக்கத்திலேயே இருக்கும் "கரன்ட் பில்ட் நம்பர்" சரியான எண்ணைத் தரும். உங்கள் புரோகிராமின் விவரக் குறிப்பான மேனிஃபெஸ்டில் ஆதரிக்கும் விண்டோஸ்களைக் குறிக்காமல் வழக்கமான பதிப்பு அழைப்பைப் பயன்படுத்தினால், விண்டோஸ் 8க்கான 6.2 என்ற எண் திரும்பி வரும் என்பதையும் புரோகிராமரிடம் சொல்லிவையுங்கள்.

வெளியிலிருந்து வருபவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். "உங்களுடையது 10ஆ 11ஆ?" என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது, ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருக்கிறதா என்று கேட்பதும் சரிப்படாது, 11இலும் அதை இடப்பக்கம் நகர்த்தி வைக்கலாம். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, "வின்வெர்" என்று ஆங்கிலத்தில் அடித்து, வரும் சிறு பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதில் விண்டோஸைப் பொறுத்து மாறாத கேள்விகளுக்கு இதைக் கேட்கவே வேண்டாம். ஜிஎஸ்டி பற்றிக் கேட்டவரை வின்வெர் அடிக்கச் சொன்னால் அவர் நேராகப் போனைத்தான் எடுப்பார்.

வடிகட்டிய பின்னும் பழைய வழி தலைகாட்டினால் அது மொழி மாதிரியின் சொந்த நினைவிலிருந்து வருகிறது. விண்டோஸ் 10 பற்றி இணையத்தில் எழுதிக் குவித்தது அதிகம். அட்டையில் ஒரு படி விடுபட்டால் மாதிரி அதைக் கொண்டே இட்டு நிரப்பும். மாதிரிக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலில் இப்படிச் சேருங்கள்: "மெனு வழி, பொத்தான் பெயர், கட்டளை ஆகியவற்றைக் கொடுக்கப்பட்ட அட்டையிலிருந்து மட்டும் எடு. அட்டையில் இல்லாத படியைச் சேர்க்காதே. பொருந்தும் அட்டை இல்லையென்றால் உதவியாளரிடம் மாற்று." மாதிரியின் பதில் எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் டெம்பரேச்சரைப் பூஜ்யமாக்கினால் இது சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதே தவறு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும், அவ்வளவுதான்.

வேறு இரண்டு இடங்களிலும் பழையது ஒளிந்திருக்கும். புதிய பெயரில் கோப்பை ஏற்றினால் பழைய கோப்பின் துண்டுகள் தேடல் தளத்திலேயே தங்கிவிடும். அவற்றைத் தனியாக நீக்க வேண்டும். ஒத்த கேள்விகளுக்கு முந்தைய பதிலையே திருப்பித் தரும் கேச் இருந்தால், அதைக் காலி செய்வதோடு, சேமித்த பதிலைத் தேடி எடுக்கும் கேச் சாவியில் பில்ட் எண்ணையும் சேருங்கள்.

சோதனையைக் கண்ணால் படித்துப் பார்ப்பதோடு விடாதீர்கள். கடந்த 3 மாத உரையாடல்களில் அதிகம் கேட்கப்பட்ட 50 கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றையும் 10 என்று சொல்லி ஒரு முறை, 11 என்று சொல்லி ஒரு முறை, எதுவும் சொல்லாமல் ஒரு முறை என 150 சோதனை ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிலில் இருக்க வேண்டிய சொல், இருக்கவே கூடாத சொல் என்று இரண்டு பட்டியல். 11காரருக்கான பதிலில் "அப்டேட் & செக்யூரிட்டி" வந்தால் தோல்வி. எதுவும் சொல்லாதபோது திருப்பிக் கேட்காமல் வழி சொன்னாலும் தோல்வி. கேள்விகளை உங்கள் வாடிக்கையாளர் அடிப்பது போலவே வையுங்கள்: தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தது, பாதி ஆங்கிலம், எழுத்துப்பிழையோடு. தமிழ் எழுத்தில் வருபவற்றையும் தேடலுக்கு முன் யூனிகோட் சீர்மை செய்ய வேண்டும். "கொ" என்ற எழுத்தில் "க"வோடு சேரும் ஒகரக் குறியீட்டை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், சொல் தேடலுக்கு வேறு வேறு. இன்னொரு சோதனை: முதலில் 11 என்று சொன்னவர் நடுவில் "பக்கத்து கவுண்டர் கணினி 10" என்கிறார். சாட்பாட் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, தேதி. விண்டோஸின் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய் வரும். அமெரிக்க நேரத்தால் நம்மூரில் அப்போது இரவு 10.30 அல்லது 11.30. அதில் ஏதாவது முறிந்தால் புதன் காலை கடை திறக்கும்போதுதான் தெரியும். அந்தப் புதனன்று ஒருவர் காலையிலேயே தெரிந்த கோளாறுகளைப் பட்டியலிடும் மைக்ரோசாஃப்டின் ரிலீஸ் ஹெல்த் பக்கத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் தற்காலிக அட்டை ஒன்றைச் சேர்க்கட்டும். அதில் காலாவதித் தேதி கட்டாயம். இல்லையென்றால் எப்போதோ தீர்ந்துபோன கோளாறுக்கு, அடுத்த ஆண்டும் அப்டேட்டை நீக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.